பிளாஸ்டிக் புல்லுக்கு உரம்

நீலாம்பரி அடுக்ககத்தில் புல் மொத்தமும் பிளாஸ்டிக். தண்ணீர் லாரி விலை கண்டபடி ஏறிய வருடம் பொதுக்குழு கூடியது. இருந்த புல்தரையைப் பெயர்த்தெடுத்துவிட்டுப் பச்சைப் பாய் விரித்துவிட்டார்கள். வெயில் காலத்தில் அதன்மேல் செருப்பில்லாமல் நடந்தால் உள்ளங்கால் பொரிந்துவிடும். இருந்தும் கணக்கில் ‘தோட்டப் பராமரிப்பு’ என்ற தலைப்பில் மாதாமாதம் யூரியா வந்து இறங்கிக்கொண்டிருந்தது. மூட்டையில் அல்ல, லாரியில்.

இது கண்ணில் பட்டது மங்கையர்க்கரசிக்கு. கூட்டுறவுச் சங்கங்களைத் தணிக்கை செய்தே பணிக்காலத்தைக் கழித்தவர். திருடுகிறவன் பெரிய தலைப்பில் கைவைக்கமாட்டான், யாரும் படிக்காத தலைப்பில்தான் வைப்பான் என்பது அவர் தொழிலில் கற்றது. ஆனால் அன்றைக்கு அவர் திருட்டைத் தேடிப் போகவில்லை. தன் ஏழாம் தளத்து வீட்டை விற்பதற்காக அடுக்ககச் சங்க அலுவலகத்துக்குப் போயிருந்தார்.

திருச்சியில் இருக்கும் மகள் பொற்கொடி, விவாகரத்து முடிந்த கையோடு பிசியோதெரபி கிளினிக் ஒன்றுக்கு இடம் பிடித்து முன்பணமும் கொடுத்துவிட்டாள். மீதி இந்த வீட்டில் இருந்துதான் வரவேண்டும். ஓய்வூதியப் பணம் மொத்தத்தையும் போட்டு வாங்கிய வீடு. மங்கையர்க்கரசிக்கு வேறு சொத்து கிடையாது. வாங்கப்போகிறவள் நஸ்ரின் என்ற பள்ளி ஆசிரியை. புதிதாக வந்திருந்த ஆவண உரிமைச் சட்டத்தின்படி, சங்கக் கணக்கின் நகலை விற்பனைப் பத்திரத்தோடு இணைத்தாக வேண்டும். சங்கத்தின் எந்தக் காகிதத்தையும் வீட்டு உரிமையாளர் கேட்டால் காட்டியாக வேண்டும். மறுத்தால் நிர்வாகிகளின் பதவி போய்விடும்.

செயலாளர் வரதராஜுலு மறுக்கவில்லை. சங்க அலுவலகத்து மேசைமேல் கோப்புகளை அடுக்கிவைத்து, ஃபேன் காற்றில் பறக்காமலிருக்கத் தன் செல்போனை எடைக்கு வைத்தார்.

“பாருங்க மேடம். எட்டு வருஷமா செகரட்டரியா இருக்கேன், இத்தனை பொறுமையா கணக்கு பாக்க வந்த முதல் ஆள் நீங்கதான். மத்தவங்க எல்லாம் வாட்ஸாப்லயே ஆடிட் முடிச்சிடுவாங்க.”

மங்கையர்க்கரசி பக்கங்களைப் புரட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது.

“சார், இந்தத் தோட்டம் எங்க இருக்கு?”

“எந்தத் தோட்டம்?”

“யூரியா போடுற தோட்டம்.”

“மொட்டை மாடியில தொட்டி வெச்சிருக்கோமே.”

“துளசித் தொட்டி. இவ்வளவு யூரியா போட்டிருந்தா துளசி இந்நேரம் பனைமரமாயிருக்கணும்.”

வரதராஜுலு சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். ஒப்புக்கொள்ளப் போகிறார் என்று மங்கையர்க்கரசி நினைத்தார். தணிக்கைக் காலத்தில் எத்தனையோ சங்கச் செயலாளர்கள் இப்படிக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். சிலர் அழுதிருக்கிறார்கள், ஒருவர் மாம்பழக்கூடையை மேசைமேல் வைத்திருக்கிறார்.

“மேடம், உங்களுக்கு மூட்டு வலி உண்டா?” என்றார் வரதராஜுலு.

“எதுக்கு?”

“ஏணி இறங்கணும்.”

*

இரண்டாம் அடித்தளத்தில் கார் நிறுத்துமிடம். அங்கே எப்போதும் ஒரு நாற்றம் உண்டு. தூண்களில் ‘இங்கு சிறுநீர் கழிக்காதீர்’ என்று எழுதிய பலகைகள் தொங்கின. பம்ப் அறைக்குப் பின்னால், மண்டையோட்டுப் படம் போட்டு ‘அபாயம், உயர் மின்னழுத்தம்’ என்றிருந்த இரும்புக் கதவை வரதராஜுலு சாதாரணமாகத் தொட்டுத் திறந்தார். உள்ளே மின்சாரமே இல்லை. ஒரு துளையும் அதில் இறங்கும் ஏணியும் இருந்தன. ஏணியருகே ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண் நின்றாள்.

“இவங்க ஆக்னஸ். நம்ம…” வரதராஜுலு சொல் தேடினார். “நம்ம தோட்டக்காரங்கன்னே வெச்சிக்குங்க.”

“நுண்ணுயிரியல் படிச்சவ மேடம்,” என்றாள் ஆக்னஸ். “மெதுவா வாங்க. கடைசிப் படி ஈரமா இருக்கும்.”

கீழே இறங்கியதும் மங்கையர்க்கரசிக்கு முதலில் தெரிந்தது தலைக்கு மேல் இருந்த கான்கிரீட். அது கட்டடத்தின் அடிவயிறு. அதற்கும் மண்ணுக்கும் நடுவே ஆள் நிமிர்ந்து நிற்கும் அளவுக்கு வெற்றிடம்.

“இங்க மண்ணு இருந்திருக்கணுமே?” என்றார்.

“இருந்துச்சு,” என்றாள் ஆக்னஸ். “இது சதுப்பு நிலம். சுத்திலும் போர் போட்டு உறிஞ்சுனதுல மண்ணு வத்தி எறங்கிடுச்சு. கட்டடம் மட்டும் தூண் மேல நின்னுடுச்சு. அந்தத் தூணுங்க பாறை வரைக்கும் போகணும். போகல. பாதியில விட்டுட்டாங்க.”

கட்டியவர், இந்தக் கரையோரம் ராகங்களின் பெயரில் வரிசையாகக் கோபுரங்கள் எழுப்பிவிட்டு, அடுத்த ராகத்துக்கு முன்பணமும் வாங்கிக்கொண்டு கம்பெனியை மூடிவிட்டுப் போனவர். மங்கையர்க்கரசி மறுபடி மேலே பார்த்தார். பதினான்கு மாடி. அத்தனை வீட்டுக் கட்டில்கள், பீரோக்கள், அரிசி டிரம்கள், தூளியில் கிடக்கும் குழந்தைகள், எல்லாம் எதன்மேல் நிற்கின்றன?

ஆக்னஸ் விளக்கை உயர்த்தினாள்.

முதலில் அது நுரை என்று தோன்றியது. பால் பொங்கி வழிந்து அப்படியே உறைந்துபோனது போன்ற வெள்ளை. ஒவ்வொரு கான்கிரீட் தூணையும் சுற்றி அது பருத்து, திரண்டு, கீழே மண்ணுக்குள் வேராய்ப் பரவி, மேலே கூரையை உள்ளங்கையாய் ஏந்திக்கொண்டிருந்தது. தூணுக்கும் தூணுக்கும் நடுவே புதிய தூண்கள் எழுந்திருந்தன. அவற்றை மனிதர் யாரும் வார்க்கவில்லை. சில ஒல்லியாக, இன்னும் கூரையைத் தொடாமல், தொடுவதற்கு ஒரு கைப்பிடி இடைவெளியோடு நின்றன. வெளிச்சம் போன இடமெல்லாம் ஈரத்தில் சின்னச் சின்னப் படிகங்கள் மின்னின. விளக்கு எட்டாத தூரத்திலும் வெள்ளை தொடர்ந்துகொண்டே போனது.

மங்கையர்க்கரசி அருகில் போனார். சதுப்பில் கிடந்த அத்தனையும் அந்தக் கல்லுக்குள் இருந்தது. நத்தைகள், மீன்முள், கோரைப்புல்லின் வேர், கைப்பிடியோடு ஒரு பிளாஸ்டிக் பை. கண்மட்டத்தில் ஒரு பூநாரையின் இறகு. நரம்பு நரம்பாகச் சுண்ணாம்பு ஏறி, பறக்கிற தோற்றத்திலேயே கல்லாகியிருந்தது. தொடலாமா என்று கையாலேயே கேட்டார். ஆக்னஸ் தலையசைத்தாள். கல் வெதுவெதுப்பாக இருந்தது.

“உயிரோட இருக்கா?”

“கல்லு இல்ல மேடம். கல்லைக் கட்டுறவங்க இருக்காங்க. இந்த மண்ணுலயே இருக்கற கிருமிதான், நாங்க கொஞ்சம் பழக்கினோம். யூரியாவத் தின்னும். தின்னுட்டு விடுற கழிவுல, நாங்க கூடக் குடுக்கற சுண்ணாம்புச் சத்து கல்லா மாறி மணலை மணலோட ஒட்டிடும்.”

“நத்தை ஓடு கட்டுற மாதிரி.”

“அதேதான். ஆனா நத்தை தனக்காகக் கட்டும். இதுங்க யாருக்காகக் கட்டறோம்னு தெரியாம கட்டுதுங்க.”

“எத்தனை இருக்கும்?”

“ஒரு பிடி மண்ணுல, நம்ம நாட்டு ஜனத்தொகைய விட அதிகம்.”

எங்கோ இருட்டுக்குள் மெல்லிய சத்தம் கேட்டது. அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் ஆறும்போது வருமே, அதுபோல. சற்று இடைவெளி விட்டு இன்னொரு பக்கம். கவனித்தபோது அது எல்லாப் பக்கமும் கேட்டது.

“வளருது,” என்றாள் ஆக்னஸ். குரலைத் தாழ்த்திக்கொண்டே சொன்னாள், தூங்குகிற வீட்டில் பேசுவது போல.

மங்கையர்க்கரசி வாழ்நாள் முழுக்கக் காகிதத்தில் இருப்பது நேரில் இருக்கிறதா என்று சரிபார்த்தவர். இருப்பில் காட்டிய நெல் கிடங்கில் இருக்காது. கட்டியதாகக் காட்டிய கிணறு ஊரில் இருக்காது. காகிதத்தில் உரம் என்று சின்னதாக எழுதிவிட்டு, நேரில் இப்படி ஒன்றை வைத்திருந்ததை அவர் பார்த்ததில்லை. தணிக்கைக்காரரின் சொற்களில் இதற்குத் தலைப்பு இல்லை.

*

மேலே வந்து பம்ப் அறையின் திண்டில் உட்கார்ந்தபோதுதான் கோபம் வந்தது.

“ஏன் சார் யார்கிட்டயும் சொல்லல?”

“எனக்கு முன்னாடி இருந்தவர் எனக்குச் சொன்னார். அவருக்கு முன்னாடி இருந்தவர் அவருக்குச் சொன்னார். செகரட்டரி ஆனா சாவியோட சேத்து இதையும் குடுப்பாங்க. நான் ஏன் இந்தப் பதவிய விடமாட்டேங்கறேன்னு க்ரூப்ல கேலி பண்றீங்களே, யார்கிட்ட குடுப்பேன்? சொன்னா என்னாகும்னு நெனச்சுப் பாருங்க. பேங்க் கடன் குடுக்காது. ஃப்ளாட் விலை விழும். கையில காசு இருக்கறவன் போயிடுவான். மிச்சம் இருக்கறவன், விழப்போற பில்டிங்குக்கு எதுக்கு மெயின்டனன்ஸ்னு கட்டமாட்டான். கட்டலேன்னா யூரியா வராது.”

“வரலேன்னா?”

ஆக்னஸ் பதில் சொன்னாள். “சதுப்புத் தண்ணி புளிப்பு மேடம். கல்லை அரிச்சிக்கிட்டே இருக்கும். அரிக்கற வேகத்தை விட வளர்ற வேகம் அதிகமா இருக்கணும். தீனி நின்னா, கொஞ்சம் கொஞ்சமா…”

“இந்த பில்டிங் யூரியா மேல நிக்கல மேடம்,” என்றார் வரதராஜுலு. “யூரியா பத்தி யாருக்கும் தெரியாதுங்கறது மேல நிக்குது.”

அந்த வாதத்தில் ஓட்டை இல்லை. மங்கையர்க்கரசி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்போது தலைக்கு மேல் தொங்கிய ‘சிறுநீர் கழிக்காதீர்’ பலகை கண்ணில் பட்டது.

“இந்த நாத்தம்…”

“அமோனியா,” என்றாள் ஆக்னஸ். “யூரியா உடையறப்ப வர்றது.”

“அப்ப ஏசையா?”

ஏசையா மூன்றாம் தளத்தில் ஒருவருக்குக் கார் ஓட்டியவர். அடித்தளத்தை அசிங்கம் செய்கிறார் என்று சங்கம் தீர்மானம் போட்டு அவரை வெளியேற்றியிருந்தது. “நான் இல்லீங்க, எம் பிள்ளைங்க மேல சத்தியமா நான் இல்லீங்க” என்று வாசலில் நின்று சொன்னதை எல்லோரும் பால்கனியிலிருந்து பார்த்தார்கள்.

“தெரிஞ்சேதான் அனுப்புனீங்களா?”

“அனுப்பலேன்னா நாத்தம் எங்கேருந்து வருதுன்னு ஆளாளுக்குத் தேட ஆரம்பிச்சிருப்பாங்க மேடம். ஒருத்தரா, ஒரு பில்டிங்கா? நீங்களே சொல்லுங்க.”

மங்கையர்க்கரசி எழுந்து நின்றார். மூட்டு வலித்தது.

*

“ம்மா, நீ உள்ள எறங்கி என்னத்தையோ பாத்துட்டு வந்திருக்க. அழகா இருந்துச்சுங்கற. சரி. அதை நஸ்ரின்கிட்ட எதுக்குச் சொல்லணும்?” பொற்கொடியின் குரலில் பொறுமை நூல் நூலாக இழுபட்டது. “கணக்குல என்ன எழுதியிருக்கு? தோட்டம். காப்பி எடுத்துக் குடு. சட்டப்படி சரி. நீ ஒண்ணும் பொய் சொல்லல.”

“பொய் சொல்லலதான்.”

“அப்புறம் என்ன? ரிட்டயர் ஆகியும் ஆடிட் பண்ணிட்டே இருக்கியே! ஊர்ல இருக்கற சங்கத்தையெல்லாம் ஆடிட் பண்ணி முடிச்சிட்டு, கடைசியா எங்கிட்ட வந்து நிக்கறியா? அட்வான்ஸ் போனா திரும்பி வராதும்மா. அந்த எடத்துக்காரன் சிரிச்சிக்கிட்டே வெச்சிக்குவான்.”

“தெரியும் கொடி.”

“எனக்கு வேற யாரும்மா இருக்கா?”

‘நான் இருக்கேனே’ என்று சொல்ல வந்தார் மங்கையர்க்கரசி. ஆனால் அது பதிலாகாது என்று அவருக்கே தெரிந்திருந்தது. போனை வைத்துவிட்டு வெகுநேரம் சமையலறையில் நின்றார். தரையில் பாதம் பதிந்திருந்த இடத்தை உணர்ந்தார். முன்பு அப்படி உணர்ந்ததே இல்லை. தரை என்றால் தரை, அவ்வளவுதான். இப்போது, இதே நொடியில், ஏழு மாடிக்கும் இரண்டு அடித்தளத்துக்கும் கீழே, எண்ணிலடங்காத ஏதோ ஒன்று, தன்னைப் பற்றி எதுவும் அறியாமல் தன்னைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

மறுநாள் நஸ்ரின் கையில் பிஸ்கட் பாக்கெட்டோடு வந்தாள். “ஆன்ட்டி, கணக்கு காப்பி வாங்கிட்டீங்களா? எங்க வீட்டுக்காரரு, அதைப் பாக்காம கையெழுத்து போடாதன்னு நிக்கறாரு. நீங்களே ஆடிட்டராச்சே, உங்கள விடவா நாங்க பாத்துடப் போறோம்னு சொன்னேன்.”

மங்கையர்க்கரசி காப்பி போட அடுப்பைப் பற்றவைத்தார். பிறகு அணைத்தார்.

“நஸ்ரின், நீ என்ன பாடம் எடுக்கற?”

“கெமிஸ்ட்ரி ஆன்ட்டி.”

“அப்ப உனக்கு என்னைவிட நல்லாப் புரியும். சேலையா இருக்கே, பின்னு குத்திக்கோ. ஏணி இறங்கணும்.”

கீழே நஸ்ரின் ஒரு தூணின் முன் மண்டியிட்டுக் காதை அதில் வைத்துக்கொண்டாள். வாயில் ஏதோ முணுமுணுத்தாள். சமன்பாடா பிரார்த்தனையா என்று தெரியவில்லை. எழுந்தபோது அவள் கன்னத்தில் வெள்ளைப்பொடி ஒட்டியிருந்தது. “பிள்ளைங்கள டெஸ்ட் ட்யூப்ல ஊதச் சொல்லி, சுண்ணாம்புத் தண்ணி பால் மாதிரி ஆகுது பாருன்னு காட்டுவேன் ஆன்ட்டி. அதையே இது இவ்வளவு பெருசா…” கைகளை விரித்தாள்.

மேலே வந்து முகம் கழுவிக்கொண்ட பிறகு, மங்கையர்க்கரசியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க காட்டாம இருந்திருக்கலாம்.”

“இருந்திருக்கலாம்.”

“இது அதிசயம் ஆன்ட்டி. உம்மா சத்தியமா சொல்றேன், நான் இப்படி ஒண்ணப் பாத்ததில்ல. ஆனா அதிசயத்து மேல எம் பிள்ளையத் தூங்க வெக்க எனக்குத் தைரியம் இல்ல. மன்னிச்சிடுங்க.”

பிஸ்கட் பாக்கெட்டை மேசைமேலேயே வைத்துவிட்டுப் போனாள்.

*

விற்பனை போனபின் இழப்பதற்கு மங்கையர்க்கரசியிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. யூரியாவின் கணக்கையும் ஆக்னஸின் அறிக்கைகளையும் நகலெடுத்து, அடுக்கக வாட்ஸாப் குழுவில் போட்டார். வரதராஜுலுவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போட்டார். அவர் தடுக்கவில்லை. “எட்டு வருஷமா தூக்கம் சரியில்ல மேடம். இனிமே எல்லாரும் சேந்து முழிச்சிருப்போம்,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவசரப் பொதுக்குழு. வழக்கமாகச் சமோசா தீரும்வரை மட்டும் நிறையும் கூடத்தில் அன்று நிற்க இடமில்லை. மங்கையர்க்கரசி எழுந்து முதலில் ஏசையாவைப் பற்றிச் சொன்னார். கட்டடம் விழும் என்பதற்குக் கத்தத் தயாராக வந்திருந்தவர்கள், இதற்கு எப்படிக் கத்துவதென்று தெரியாமல் ஒரு கணம் தடுமாறினார்கள். பிறகு கத்தினார்கள்.

“எட்டு வருஷமா எங்க காசுல கிருமி வளத்திருக்கான்யா!”

“எங்க வீட்ட யார் வாங்குவா இனி? இந்தம்மாவுக்கு எதுக்கு இந்த வேலை?”

“அவங்க வீடு விக்கறதே போச்சுப்பா, தெரியாதா? வாங்க வந்தவங்கள அவங்களே கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டாங்க.”

“பைத்தியமா?”

“நான் அடுத்த மாசத்துல இருந்து கட்டமாட்டேன். எழுதிக்கங்க.”

வரதராஜுலு மங்கையர்க்கரசியைப் பார்த்தார். நான் சொன்னேனே என்றது அந்தப் பார்வை. மங்கையர்க்கரசி மைக்கை வாயருகே வைத்தார்.

“கட்டறதும் கட்டாததும் உங்க இஷ்டம். ஆனா எதுக்குக் கட்டினீங்கன்னு ஒரு தடவ பாத்துட்டு முடிவு பண்ணுங்க. கதவு திறந்திருக்கு. ஆக்னஸ் கீழ நிக்கறாங்க.”

ஐந்து ஐந்து பேராக இறங்கினார்கள். ஏணி இறங்க முடியாதவர்களுக்கு ஆக்னஸ் கையடக்கத் திரையில் காட்டினாள். அவர்கள் அது போதாதென்று துளையின் விளிம்பில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தார்கள். கட்டமாட்டேன் என்றவர் இரண்டாவது குழுவில் போனார். ஏறி வந்தவரிடம் மனைவி, “என்னங்க இருக்கு?” என்று கேட்க, அவர் “நீயே போய்ப் பாரு” என்று சொல்லிவிட்டுத் தூணில் சாய்ந்து நின்றார். மங்கையர்க்கரசி ஏணியருகே காவல் நின்றார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தார், துளையின் வாயில் செருப்புகள் குவிந்திருந்தன. கழற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லை. முதலில் யார் கழற்றினார் என்றும் தெரியவில்லை.

அதனால் எல்லாம் சரியாகிவிடவில்லை. சிலர் அந்த மாதமே காலி செய்தார்கள். ஒருவர் வழக்குப் போட்டார். சிலர் கட்டவில்லை, சிலர் மற்றவர்களின் பங்கையும் சேர்த்துக் கட்டினார்கள், பெயரைச் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு. அந்த நிபந்தனையை மட்டும், இப்போது சங்கக் கணக்கைப் பார்த்துவந்த மங்கையர்க்கரசி, இனி எதையும் மறைக்கக்கூடாது என்று ஏற்க மறுத்ததால் ஒரு சண்டை நடந்தது. பொற்கொடி ஒரு வாரம் பேசவில்லை. பிறகு, ஒரு டாக்டரின் மாடியில் சின்ன அறை வாடகைக்குக் கிடைத்திருப்பதாக ஒரு வரிச் செய்தி அனுப்பினாள். ஏசையாவைத் தேடிப் பிடித்து வரதராஜுலுவே மன்னிப்புக் கேட்டு வேலைக்குக் கூப்பிட்டார். அவர் வரவில்லை. “அந்த போர்டக் கழட்டிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டாராம்.

*

பக்கத்துக் கோபுரமான சாரங்காவின் செயலாளர் ஒரு மாலையில் வந்தார். குமரகுருபரன் என்று பெயர். கையில் ஒரு துணிப்பை. சங்க அலுவலகத்தில் மங்கையர்க்கரசியும் வரதராஜுலுவும் ஆக்னஸும் அந்த மாதத்து அறிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர் ஆக்னஸைப் பார்த்ததும் நின்றுவிட்டார். ஆக்னஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

“உங்க க்ரூப்ல போட்டது எங்க க்ரூப்புக்கும் வந்துடுச்சு மேடம்,” என்றார் குமரகுருபரன். “எங்க கணக்கு கொண்டுவந்திருக்கேன். யாரும் கேக்கல. நானாத்தான்.”

மங்கையர்க்கரசி வாங்கிப் பார்த்தார். சாரங்காவில் தோட்டம் இல்லை. ‘நீச்சல்குள ரசாயனம்’ என்ற தலைப்பில் யூரியா இருந்தது.

“ஆக்னஸ்?”

“அஞ்சு கோபுரமும் எங்க லேப்தான் மேடம் பாக்குது. ஒருத்தர் விஷயம் இன்னொருத்தர்கிட்ட சொல்லக்கூடாதுன்னு ஒப்பந்தம். ஒவ்வொரு சங்கமும் தனித்தனியா வாங்கின சத்தியம்.”

வரதராஜுலு உரக்கச் சிரித்தார். “எட்டு வருஷமா வாக்கிங்ல உங்களுக்கு வணக்கம் போடறேன் சார்! பாவம், இவருக்கு என்ன கவலை, நிம்மதியா இருக்காருன்னு நெனச்சிப்பேன்!”

“நானும்தான் உங்களப் பாத்து,” என்றார் குமரகுருபரன். ஆனால் அவர் சிரிக்கவில்லை. “மேடம், இன்னும் ரெண்டு பக்கம் தள்ளிப் பாருங்க.”

மங்கையர்க்கரசி தள்ளினார். ரசாயனம் என்ற தலைப்பு வெறுமையாக இருந்தது. அடுத்த பக்கமும். அதற்கடுத்ததும்.

“காசு இல்ல,” என்றார் குமரகுருபரன். “பாதிப் பேர் வாடகைக்கு விட்டுட்டு வெளியூர்ல இருக்காங்க. லிஃப்ட் பழுது, கோர்ட் செலவு. நிறுத்திட்டேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம். யார்கிட்டயும் சொல்லல. தினம் காலையில எழுந்து சுவத்துல விரிசல் இருக்கான்னு பாப்பேன். எம் பொண்ண அம்மா வீட்டுக்கு அனுப்பிட்டேன், என்ன காரணம்னு சொல்லாம. எங்க பில்டிங் விழுந்திருக்கணும் மேடம். ஏன் விழலேன்னு எனக்குப் புரியல. உங்க கணக்கப் பாத்தப்புறம்தான்…”

மங்கையர்க்கரசி ஆக்னஸிடம் திரும்பினார்.

“எங்க கல்லு எதுவரைக்கும் போகுது?”

“எல்லைச் சுவர் மேலதான் இருக்கு மேடம்,” என்றாள் ஆக்னஸ். “கீழ கிடையாது.”

அவள் தன் கையடக்கத் திரையைத் திருப்பிக் காட்டினாள். மண்ணுக்குக் கீழே இருப்பதை ஒலியால் வரைந்த படம். நீலாம்பரியின் அடியிலிருந்து வெள்ளை கிளம்பி, சுவருக்கு அடியில் புகுந்து, சாரங்காவின் தூண்களை ஒவ்வொன்றாகச் சுற்றி வளைத்துப் பிடித்திருந்தது. பசியால் சாகவேண்டிய பக்கத்துக்குத் தீனி இந்தப் பக்கத்திலிருந்து ஈரத்தின் வழியே ஊறிப் போயிருந்தது. அதை யாரும் அனுப்பவில்லை. போகிறதென்று யாருக்கும் தெரியவுமில்லை. வரிசை அங்கேயும் நிற்கவில்லை. படத்தின் ஓரம்வரை வெள்ளை போய், ஓரம் வெட்டியதால்தான் முடிந்திருந்தது.

மங்கையர்க்கரசிக்குப் பொதுக்குழுவின் கூச்சல் நினைவுக்கு வந்தது. கட்டமாட்டேன், எழுதிக்கங்க. அன்றைக்கு எல்லோரும் அப்படியே எழுதிக்கொண்டு போயிருந்தால், விழுந்திருக்கக்கூடியது ஒரு கோபுரம் இல்லை.

ஜன்னலுக்கு வெளியே பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. சாரங்காவுக்கு அப்பால் கேதாரம், அதற்கப்பால் மற்ற இரண்டு. சதுப்பின் கரையில் வரிசையாக நின்ற கோபுரங்களில் ஒவ்வொரு வீடாக விளக்கு எரியத் தொடங்கியது.

“இதுல யார் தீனி போடறா, யார் போடல?” என்றார்.

ஆக்னஸ் திரையை அணைத்தாள். “ஒப்பந்தம் மேடம். உங்க கல்லு, இவர் கல்லு, ரெண்டுதான் காட்டலாம். மிச்சத்த அவங்கவங்க கணக்குலதான் பாக்கணும்.”

“கேதாரத்துக்காரங்க காட்டமாட்டாங்க,” என்றார் வரதராஜுலு. “அங்க உங்களுக்கு ஃப்ளாட் கிடையாது. ஓனருக்குத்தான் சட்டம். எந்த உரிமையில கேப்பீங்க?”

வீடு விற்றிருந்தால் இந்தக் கேள்விக்கே இடமிருந்திருக்காது. இந்நேரம் திருச்சியில் உட்கார்ந்திருப்பார். விற்காமல் போன பத்திரம் மேலே பீரோவில் இருந்தது. அடுக்ககத்தில் வீடு வாங்கும் எல்லோருடைய பத்திரத்திலும் அந்த வாசகம் உண்டு. சுவரும் தரையும் தனித்தனியாக உன்னுடையது. அடியில் இருக்கும் மண் மட்டும் எல்லோருக்கும் சேர்ந்தது, உன் பங்கு எது என்று விரல்வைத்துக் காட்ட முடியாது. பதிவு அலுவலகத்தில் யாரும் படிக்காமல் கையெழுத்துப் போடும் வரி.

மேசை இழுப்பறையிலிருந்து ஆவண உரிமைச் சட்டத்தின் விண்ணப்பத்தை எடுத்தார். பெறுநர், செயலாளர், கேதாரம் உரிமையாளர் சங்கம் என்று எழுதினார். ‘விண்ணப்பதாரரின் உரிமை’ என்ற இடத்துக்கு வந்ததும் பேனா சற்று நின்றது. பிறகு தெளிவான தணிக்கைக் கையெழுத்தில் எழுதினார்:

‘நிலத்தில் பிரிபடாத பாகம்.’

அடியில் கையெழுத்துப் போட்டார். வரதராஜுலு எட்டிப் படித்தார். தாளைத் தன் பக்கம் இழுத்து, அவர் கையெழுத்துக்குக் கீழே தானும் கையெழுத்திட்டார். குமரகுருபரன் பேனாவுக்காகக் கையை நீட்டினார்.